கீல், வஜ்ஜிரம், தகடு

கட்டட வேலையில் நம்ம ஆட்களுக்கு என்ன தெரியும் என்று கேட்டால், கல் சுமக்கத் தெரியும், மண் வெட்டத் தெரியும், கலவை போடத் தெரியும் என்று எல்லோரும் சொல்லுவார்கள். நம்ம ஆட்களே அப்படித்தான் சொல்லுவார்கள். நம்மைப் பற்றி எழுதுகிற தோழர்களும் 'கூலி வேலை செய்தார்' என்று இரண்டு மூன்று வார்த்தையில் முடித்துவிட்டு அடுத்த வரிக்குப் போய்விடுகிறார்கள். அந்த வார்த்தைகளுக்குள் என்னென்ன கிடக்கிறது என்று சொல்லத்தான் எழுதுகிறேன். முப்பத்தஞ்சு வருஷத்துக்கு மேல் கட்டடத்தில் கிடந்தவன் நான். கீல் மாட்டுவது, தாழ்ப்பாள் வைப்பது, ஒட்டுவது, சந்து அடைப்பது, மழைத் தண்ணி உள்ளே இறங்காமல் தகடு மடக்கி விடுவது, இதுதான் என் தொழில். வீடு முடியும்போது கடைசியாக வருகிற வேலை. சரியாகச் செய்தால் யார் கண்ணுக்கும் தெரியாது. ஒழுகினால் மட்டும் கூப்பிட்டுத் திட்டுவார்கள்.

கட்டடமும் ஒரு ஊர் மாதிரிதான். அதிலும் ஊர்த்தெரு உண்டு, சேரி உண்டு. இன்ஜினியர், கான்ட்ராக்டர், மேஸ்திரி, ஆசாரி, கொத்தனார், பெரியாள், சித்தாள் என்று படி இறங்கிக்கொண்டே வரும். கடைசிப் படியில் நம்ம அம்மாக்கள். கல் எடுத்துக் கொடுக்கிற பெரியாள் நாலஞ்சு வருஷத்தில் கரணையைக் கையில் வாங்கிவிடலாம். சித்தாளாக வந்த பெண் முப்பது வருஷம் கழித்தும் சித்தாள்தான்.

எங்கம்மா தளம் அடிக்கப் போகும். அந்தக் காலத்தில் மொட்டை மாடிக்கு மேலே செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்து சுருக்கி போடுவார்கள். கடுக்காய் ஊறின தண்ணியையும் வெல்லத் தண்ணியையும் தெளித்துத் தெளித்து, பெண்கள் வரிசையாக உட்கார்ந்து மரக்கட்டையால் அடிப்பார்கள். வெயில் முதுகில் ஏறும். சுண்ணாம்பு விரலிடுக்கைத் தின்னும். முதல் நாள் அடிக்கும்போது கட்டை பொத்துப் பொத்தென்று அமுங்கும். தளம் இறுக இறுகக் கட்டை தானாக எகிற ஆரம்பிக்கும், சத்தமும் மாறும். "கட்ட துள்ளணும்டா, சத்தம் கணீர்னு வரணும், அதுவரைக்கும் வுடக்கூடாது" என்று அம்மா சொல்லும். அதற்கு மேலேதான் தட்டோடு பதிப்பார்கள். பல வருஷம் கழித்து ஒரு பாலிடெக்னிக் மாணவன் தன் பாடப் புத்தகத்தைப் படித்துக் காட்டினான். அடிக்கிற கட்டை திரும்பி எகிறும்வரை அடிக்க வேண்டும் என்று அதிலும் இருந்தது. புத்தகத்தில் இருந்தால் பொறியியல், எங்கம்மா சொன்னால் கூலி வேலை.

எனக்கு ஊர் திண்டிவனம் பக்கம். ஊர் என்று சொன்னாலும் ஊருக்கு வெளியே இருக்கிற காலனி. 1988-ல் எட்டாவதோடு படிப்பை விட்டுவிட்டு மெட்ராசுக்கு வந்தேன். 1996-ல்தான் அதற்குச் சென்னை என்று பேர் மாறியது. முதல் இரண்டு வருஷம் பாண்டு தூக்கினேன். ஒரு வீட்டில் ஆசாரிக்குத் துணையாக நிற்கச் சொன்னார் மேஸ்திரி. பலகையைப் பிடிக்க வேண்டும், இழைத்த சுருளைக் கூட்ட வேண்டும், டீ வாங்கி வர வேண்டும். உளியில் மட்டும் கை வைக்கக் கூடாது. ஒரு நாள் கீழே கிடந்த உளியை எடுத்துக் கொடுத்தேன்.

"டேய், அதுல ஏன்டா கை வெச்ச? கீழ போடு."

"வுழுந்து கெடந்துச்சுய்யா."

"கெடந்தா கெடக்கட்டும். எனக்குக் குனிய வராதா?"

போட்டேன். அவர் அதைத் தண்ணீரில் கழுவிவிட்டு எடுத்தார். அந்த ஆசாரி குடிக்கவும் மாட்டார், யாரையும் அடிக்கவும் மாட்டார். அவருக்கு மேலே இருந்தவர்கள் அவரை ஒருமையில் ஏசியதையும் பார்த்திருக்கிறேன். ஆனாலும் உளியைக் கழுவினார்.

தொடக் கூடாது என்று சொன்னவரால் பார்க்கக் கூடாது என்று சொல்ல முடியவில்லை. பார்த்தேன். கீலை நிலையில் வைத்துப் பென்சிலால் வரைவார். கீல் தகட்டின் கனம் எவ்வளவோ அவ்வளவுதான் பள்ளம் வெட்டுவார். பள்ளம் ஆழமாகிவிட்டால் கதவு நிலையில் இடித்துக்கொண்டு மூடாது. மேலோட்டமாக இருந்தால் சந்து தெரியும். கதவுக்கும் நிலைக்கும் நடுவில் காசு கனத்துக்கு இடம் விடுவார். மழைக்காலத்தில் மரம் ஊதும், அதற்கு இடம் வேண்டும். திருகாணி போடுமுன் சின்னதாக ஓட்டை போடுவார். போடாமல் திருகினால் பலகை பிளக்கும். பித்தளைத் திருகாணி மெத்தென்று இருக்கும், தலை ஒடியும். அதனால் அதே அளவு இரும்புத் திருகாணியை முதலில் இறக்கி எடுத்துவிட்டு அந்த வழியில் பித்தளையைப் போடுவார். நுனியில் கொஞ்சம் சோப்பு தடவுவார். அவசரக்காரர்கள் திருகாணியைச் சுத்தியால் அடித்து இறக்கிவிட்டு, கடைசி இரண்டு சுற்று மட்டும் திருகுவார்கள். அந்தக் கதவு ஒரு வருஷத்தில் தொங்கும். ராத்திரியில் எல்லோரும் தூங்கின பிறகு ஒடிந்த கட்டைகளை வைத்துக்கொண்டு, பழைய இரும்புக் கடையில் வாங்கின ஒரு மொட்டை உளியால் நான் பள்ளம் வெட்டிப் பழகினேன்.

அந்த ஆசாரி பழைய ஆள். பெவிகால் 1959-லேயே வந்துவிட்டாலும் சில வேலைக்கு வஜ்ஜிரம்தான் காய்ச்சுவார். வஜ்ஜிரக் கட்டியை ராத்திரியே தண்ணீரில் ஊறப் போட வேண்டும். காலையில் கொதிக்கிற தண்ணிச் சட்டிக்குள் இன்னொரு சட்டியை வைத்து அதில் உருக்க வேண்டும். நேராக நெருப்பில் வைத்தால் கருகிப் பிடிப்பு போய்விடும். சூடு ஆறுவதற்குள் தடவி ஒட்டிக் கட்டிவிட வேண்டும். அந்த நாத்தம் எனக்கு ஏற்கெனவே தெரிந்த நாத்தம். எங்க தெருவில் செத்த மாட்டை உரிக்கும்போது வருகிற நாத்தம். வஜ்ஜிரம் என்பது மாட்டுத் தோலையும் எலும்பையும் குளம்பையும் காய்ச்சி எடுக்கிற பசை. எங்க பெரியப்பன்கள் உரித்த தோலின் கழிவு அங்கே சட்டியில் கொதித்துக்கொண்டிருந்தது. அதை வைத்து அவர் சாமி அறைக் கதவை ஒட்டினார். தோலை உரித்தவன் அந்தக் கதவைத் தொட்டால் தீட்டு. தோலில் காய்ச்சின பசை கதவுக்குள்ளேயே இருக்கலாம். இதை நான் யாரிடமும் சொல்லவில்லை, சொன்னால் வேலை போகும். மனசுக்குள் சிரித்துக்கொண்டேன். அந்தச் சிரிப்பு பல வருஷம் எனக்குச் சோறு மாதிரி இருந்தது.

எனக்கு வேலையை வாய்விட்டுச் சொல்லிக் கொடுத்த முதல் ஆள் வண்ணாரப்பேட்டையில் தகரப் பட்டறை வைத்திருந்த ஒரு பாய். ஒரு கட்டடத்தில் ஷீட்டுக்குத் தகடு அடிக்க வந்தவர், நான் அளவு எழுதி வைத்ததைப் பார்த்து, "என்னா தம்பி, கணக்கு சரியா போட்டிருக்கியே, பட்டறைக்கு வரியா?" என்று கேட்டார். போனேன். மத்தியானம் தட்டில் சோத்தைப் போட்டுப் பக்கத்தில் உட்காரச் சொன்னார். எந்தத் தெரு என்று கேட்கவில்லை. கத்தரி பிடிப்பது, விளிம்பை மடித்துக் கையைக் கிழிக்காமல் செய்வது, நவச்சாரத்தில் தேய்த்து ஈயப் பத்து வைப்பது எல்லாம் அங்கேதான் வந்தது.

இன்ஜினியர்கள் ஃபிளாஷிங் என்று சொல்வதைப் பாய் தண்ணித் தகடு என்பார். ஷீட்டுக் கூரை சுவரோடு சேருகிற இடத்தில்தான் தண்ணி இறங்கும். அங்கே சிமெண்டைப் பூசினால் ஆறு மாசம் நிற்கும். வெயிலில் ஷீட்டு நீளும், ராத்திரி சுருங்கும், சுவர் அசையாது, நடுவில் இருக்கிற சிமெண்டு வெடிக்கும். அதனால் சுவரில் ஒரு அங்குலம் காடி வெட்டி, தகட்டின் மேல் விளிம்பை அதற்குள் சொருகி அடைத்து, கீழ்ப்பக்கத்தை ஷீட்டின் மேல் தளர்வாகப் படுக்கவிட வேண்டும். ஷீட்டு அசைந்தாலும் தகடு சும்மா இருக்கும். தகட்டைக் கீழேயிருந்து மேலே அடுக்கிக்கொண்டு போக வேண்டும், மீன் செதில் மாதிரி மேல் தகடு கீழ்த் தகட்டின் மேல் ஏறி உட்கார வேண்டும். அலுமினியத் தகடாக இருந்தால் ஈரச் சிமெண்டில் நேராகப் புதைக்கக் கூடாது, அரித்துவிடும். "தண்ணிய எதுத்து நிக்காத தம்பி. அது போறதுக்கு வழி காட்டு, அது பாட்டுக்குப் போயிடும்" என்பார். சன்ஷேடு அடியில் ஓரத்தை ஒட்டிச் சின்னதாக ஒரு காடி விடுவதும் இதற்குத்தான். காடி இல்லாவிட்டால் தண்ணி அடிப்பக்கமாகவே ஊர்ந்து சுவருக்கு வந்துவிடும். காடி இருந்தால் அங்கேயே சொட்டிவிடும்.

கை வந்தபிறகு தனியாக வேலைக்குப் போனேன். அப்போதுதான் இன்னொன்று தெரிந்தது. ஒரே வீட்டில், ஒரே நாளில், ஒரே வேலையில்கூட அறைக்கு அறை சாதி இருக்கிறது. முன் கதவுக்குக் கீலும் பூட்டும் மாட்ட ஒரு ஆள். சாமி அறைக்கு மணி வைத்த கதவு மாட்ட ஒரு ஆள். கக்கூஸ் பீங்கானை உட்கார வைத்துச் சுற்றிலும் அடைக்க மட்டும், "அவனக் கூப்பிடு, அவன் செய்வான்". இத்தனைக்கும் அது புதுப் பீங்கான். யாரும் ஒரு தடவைகூட உட்காரவில்லை, கடையிலிருந்து வந்த காகிதம்கூடப் பிரிக்கவில்லை. அழுக்கு அந்தப் பீங்கானில் இல்லை, அவர்கள் என் தலையில் ஏற்கெனவே எழுதி வைத்திருந்தார்கள். நிலை வைக்கிற அன்றைக்கு மஞ்சள் குங்குமம் வைத்துப் பூசை செய்வார்கள். அந்த நிலையை வண்டியிலிருந்து இறக்கித் தோளில் தூக்கி வருவது நாங்கள். பூசை நேரத்தில், "கொஞ்சம் தள்ளி நில்லுங்கப்பா" என்பார்கள். பூசை முடிந்ததும் ஹோல்டுபாஸ்ட் போட்டு அடைக்க மறுபடி கூப்பிடுவார்கள்.

கக்கூஸ் வேலைதானே என்று அதை நான் ஏனோதானோ என்று செய்யவில்லை. பிவிசி குழாயை ஒட்டுவதைச் சொல்லுகிறேன். குழாய் நுனியில் வெட்டின பிசிறை எடுத்து, ஈரமும் தூசியும் இல்லாமல் துடைத்து, பசையைக் குழாயிலும் சாக்கெட்டிலும் தடவி, கடைசிவரை சொருகிக் கால் சுற்று திருப்பி, கொஞ்ச நேரம் அழுத்திப் பிடிக்க வேண்டும். அந்தப் பசை நடுவில் நின்று ஒட்டுகிற சாதியில்லை. இரண்டு பக்கப் பிளாஸ்டிக்கையும் கரைத்து ஒன்றாக்கிவிட்டு அது பறந்துவிடும். பிறகு எது குழாய், எது சாக்கெட்டு என்று பிரிக்க முடியாது. சிலிக்கான் வேறு மாதிரி. அது ரப்பர் போல நீண்டு சுருங்கும். காற்றில் இருக்கிற ஈரத்தைக் குடித்து இறுகும், ஆனால் ஒட்டுகிற இடம் ஈரமாக இருந்தால் ஒட்டாது. சந்தின் இரண்டு பக்கச் சுவரிலும் ஒட்ட வேண்டும், அடியில் ஒட்டக் கூடாது. மூன்று பக்கமும் பிடித்துக்கொண்டால் நீள வழியில்லாமல் நடுவில் கிழியும். அதனால் அடியில் பஞ்சு மாதிரியான ஒரு கயிறு வைத்துவிட்டுத்தான் மேலே சிலிக்கான் விட வேண்டும். அதன்மேல் பெயிண்டு நிற்காது என்பதையும் முதலிலேயே வீட்டுக்காரரிடம் சொல்லிவிட வேண்டும்.

இப்படி நான் வேலை செய்த ஒரு வீட்டில் பால் காய்ச்சிக் குடி வந்தார்கள். பத்து நாள் கழித்துப் பின்பக்கக் குழாயைப் பார்க்கக் கூப்பிட்டார்கள். வாசலில் வீட்டம்மா நின்றார்.

"நீங்க எந்த ஊருப்பா?"

"திண்டிவனம் பக்கம்மா."

"ஊரா, காலனியா?"

"காலனிதாம்மா."

"சரி, சந்து வழியா பின்னால போய்ப் பாத்துடு."

முன்கதவின் கீலும் அந்த வீட்டில் நான்தான் மாட்டியிருந்தேன், வேறு ஆள் வராததால். அந்தக் கதவு இன்றைக்கும் சத்தமில்லாமல் திறந்து மூடும் என்று எனக்குத் தெரியும். அதைத் திறந்து உள்ளே போக எனக்கு வழியில்லை. சந்து வழியாகப் போய்க் குழாயைச் சரி செய்தேன். கூலியைக் குறைக்காமல் கேட்டு வாங்கினேன்.

எங்க காலனி வீடுகளின் கதை வேறு. இந்திரா ஆவாஸ் யோஜனா 1985-ல் வந்தது. தாழ்த்தப்பட்டோர், பழங்குடியினர், மீட்கப்பட்ட கொத்தடிமைகள் ஆகியோருக்கான வீடு என்றுதான் அது ஆரம்பித்தது. எங்க தெருவிலும் தொகுப்பு வீடு கட்டினார்கள். தளத்துக்கு மேலே சுருக்கியும் இல்லை, தட்டோடும் இல்லை, வாட்டமும் இல்லை. ஊரான் வீட்டுத் தளத்தையெல்லாம் கட்டை துள்ளத் துள்ள அடித்த எங்கம்மா, தன் வீட்டில் ஐப்பசி அடைமழைக்கு அலுமினியக் குண்டானை வைத்துத் தண்ணி பிடித்தது. கம்பி துருப்பிடித்து ஊதி, தளம் அடியில் பொறுக்கு பொறுக்காக உதிர்ந்தது. ஒருமுறை தொட்டிலில் பிள்ளை கிடக்கும்போது பக்கத்தில் ஒரு பத்தை விழுந்தது. பிள்ளை பிழைத்தது. அன்றைக்குத்தான் சனி ஞாயிறுகளில் ஊருக்கு வந்து எங்க தெருக் கூரைகளைப் பார்ப்பது என்று முடிவு செய்தேன்.

தெருப் பையன்களைச் சேர்த்துக்கொண்டேன். வெடிப்பை அப்படியே பூசக் கூடாது. உளியால் இரண்டு பக்கமும் சாய்வாக வெட்டி, தூசியைத் தட்டி, நனைத்து, சிமெண்டோடு அந்தப் பால் மாதிரி மருந்தைக் கலந்து அடைக்க வேண்டும். தளமும் கைப்பிடிச் சுவரும் சேருகிற மூலையில் கலவையை உருட்டி விட வேண்டும், செங்குத்தாக விட்டால் தண்ணி அங்கேயே நிற்கும். பிறகு மேலே இரண்டு பூச்சு. முதல் பூச்சு கிழக்கு மேற்காக அடித்தால் இரண்டாவது வடக்கு தெற்காக. வாட்டம் பார்க்க எங்கம்மாவை மேலே ஏற்றினேன். ஒரு சொம்புத் தண்ணியை ஊற்றிவிட்டு அது ஓடுகிற திசையைப் பார்த்து, "இங்க ஒரு விரக்கட ஏத்துடா" என்று சொல்லும். ரசமட்டம் வைத்துப் பார்த்தால் அம்மா சொன்னது சரியாக இருக்கும்.

2011 டிசம்பர் 30-ல் தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் நடுவில் கரை ஏறியது. எங்க பக்கம் காத்து பேய் மாதிரி அடித்தது. காலனியில் ஷீட்டுப் போட்ட வீடுகளில் பாதிக்கு மேல் கூரை இல்லை. மறுநாள் நடந்து பார்த்தேன். போன ஷீட்டில் முக்கால்வாசி, ஓட்டையைப் பள்ளத்தில் போட்டது, அல்லது ஜே போல்ட்டை வாஷர் இல்லாமல் முறுக்கினது, அல்லது ஓரத்தில் போல்ட்டே போடாதது. ஓட்டையை மேட்டில்தான் போட வேண்டும், பள்ளத்தில் தண்ணி ஓடும். வாஷர் பிதுங்குகிற அளவுக்கு முறுக்கக் கூடாது. எங்க பக்கத்து மழை வடகிழக்கிலிருந்து வருகிற மழை, அதனால் தென்மேற்கு ஓரத்தில் ஆரம்பித்து அடுக்கிக்கொண்டு வந்தால் காத்து சந்துக்குள் நுழையாது. இதெல்லாம் காசு கேட்காத விஷயம். தெரிந்த ஆள் மட்டும் வேண்டும். அந்த ஷீட்டுகள் ஆஸ்பெஸ்டாஸ். அறுக்கும்போதும் துளைக்கும்போதும் வருகிற தூசி நுரையீரலைக் கெடுக்கும், புற்றுநோய் கொண்டுவரும். அதையும் எங்களுக்கு வேலை கொடுத்தவர்கள் யாரும் சொன்னதில்லை. நனைத்துவிட்டு அறுக்க வேண்டும், மூக்கைக் கட்ட வேண்டும் என்று பின்னால்தான் தெரிந்துகொண்டோம். உடைந்த துண்டை அடுப்புக்கு முட்டுக் கொடுக்கிற பழக்கத்தை நிறுத்தவே இரண்டு வருஷம் ஆனது.

சட்டம் இல்லாமல் இல்லை. தமிழ்நாட்டில் 1982-ல் உடலுழைப்புத் தொழிலாளர் சட்டம் வந்தது. அதன் கீழ் 1994-ல் கட்டுமானத் தொழிலாளர் நல வாரியம் அமைந்தது. 1996-ல் மத்திய அரசு கட்டுமானத் தொழிலாளர்களுக்குச் சட்டமும், கட்டடச் செலவில் வரி பிடித்து அவர்கள் நலனுக்குச் செலவு செய்யத் தனிச் சட்டமும் கொண்டுவந்தது. சங்கத் தோழர்கள் வருஷக்கணக்கில் போராடி வாங்கினது இது. நானும் அட்டை வைத்திருக்கிறேன். ஆனால் அட்டை கொடுக்கிற சட்டம் உளியைக் கழுவுவதை நிறுத்தாது. தளம் அடித்த பெண்ணைத் தொழில் தெரிந்தவள் என்று எழுதுவதற்கு அதில் ஒரு கட்டமும் எங்கம்மாவுக்குக் கிடைக்கவில்லை. சுருக்கி போடுகிற வேலை குறைந்தபோது அந்தப் பெண்களின் அறிவும் கேட்பாரில்லாமல் போனது. எங்கம்மா போன பிறகு, எங்க தெருவில் கட்டையின் சத்தத்தை வைத்துத் தளத்தைச் சொல்லக்கூடிய கிழவிகள் இரண்டு பேர்தான் மிச்சம்.

இதைப் படிக்கிற தோழர்களுக்கும் மாணவர்களுக்கும் ஒன்று கேட்கிறேன். நம்ம எழுத்தில் அடி இருக்கிறது, அவமானம் இருக்கிறது, பசி இருக்கிறது. எல்லாம் நிஜம், இன்னும் எழுத வேண்டியதும் இருக்கிறது. ஆனால் நம்ம கைக்குத் தெரிந்ததை நாம் எழுதவில்லை. எழுதாததால் அது தொழிலே இல்லை என்று ஊர்க்காரன் சொல்லுவது சுலபமாகிவிட்டது. நம்ம பிள்ளைகளும் அப்படியே நம்பிவிடுகிறார்கள். கட்டட வேலையை விட்டு நம்ம பிள்ளைகள் வெளியே வர வேண்டும், படிக்க வேண்டும், அதில் எனக்கு மறுப்பு இல்லை. என் மகளையும் படிக்கத்தான் வைத்தேன். ஆனால் சித்தாள் என்ற பேரோடு செத்துப்போன பெண்களுக்கு எவ்வளவு தெரிந்திருந்தது என்பதை அவள் தெரிந்துகொண்டு வெளியே போகட்டும்.

எங்க தெருவில் மிச்சமிருக்கிற அந்த இரண்டு கிழவிகளுக்கும் எண்பது தாண்டிவிட்டது. கேட்டால் சொல்லுவார்கள், சிரித்துக்கொண்டே சொல்லுவார்கள். இந்த மழைக்கு முன்னால் யாராவது ஒரு நோட்டை எடுத்துக்கொண்டு வாருங்கள்.